நாட்டுக்கோழியில் தெரிவு இனப்பெருக்கம்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

நாட்டுக்கோழிகள் நிறத்தில் மட்டுமன்றி எடை, முட்டை எண்ணிக்கை, அடைகாக்கும் இயல்பு ஆகியவற்றிலும் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டில் மரபணுவால் வந்த பங்கு மட்டுமே குஞ்சுகளுக்குச் செல்லும் என்பதால், அந்தப் பங்கைக் கண்டறிந்து பெருக்குவதே நம் வேலை.

படி 1: ஒரே ஒரு பண்பைக் குறிக்கோளாகக் கொள்ளுங்கள். உடல் எடையின் மரபுவழித் திறன் (வேறுபாட்டில் மரபணுவால் வந்த பங்கின் அளவு) ஓரளவு உயர்வானது. ஆகவே பலன் விரைவில் தெரியும். முட்டை எண்ணிக்கையில் தீனி, வெளிச்சம், நோய் ஆகியவற்றின் தாக்கம் மிகுதி. அதோடு, அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடுவதால், முட்டைக்காகத் தெரிவு செய்யும்போது அடைகாக்கும் குணமும் தலைமுறைதோறும் குறையக்கூடும். குஞ்சு பொரிக்கத் தாய்க்கோழியையே நம்பியிருப்பவர்கள் இதை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

படி 2: குஞ்சுகளுக்கு எண்ணிட்ட வளையம் மாட்டி, தாய், தந்தை, பொரித்த நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். 12ஆம் வாரத்தில், காலைத் தீனிக்கு முன் எடை போடுங்கள். ஒரே நாளில் பொரித்து, ஒரே தீனியில் வளர்ந்தவற்றை மட்டும், சேவலைச் சேவலோடும் பெட்டையைப் பெட்டையோடும் ஒப்பிட வேண்டும். ஒரு வாரம் முன்னதாகப் பொரித்த குஞ்சு பெரிதாகத் தெரிவது வயதின் கணக்கு, மரபணுவின் கணக்கு அன்று.

படி 3: எடை மிகுந்தவற்றைப் பெற்றோராகத் தெரிவு செய்யுங்கள். அவற்றின் எடை சராசரியைவிட 150 கிராம் கூடுதல், மரபுவழித் திறன் 0.4 என்று கொண்டால், குஞ்சுகளில் எதிர்பார்க்கத்தக்க உயர்வு 60 கிராம்தான். தோற்றத்தைப் பார்த்துக் கழுத்தறுத்தான் கோழிகளை ஒதுக்கிவிடாதீர்கள். கழுத்து இறகைக் குறைக்கும் அந்த ஒற்றை மரபணு, வெப்பத்தைத் தாங்க உதவுகிறது.

படி 4: பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். 20 பெட்டைகளுக்கு ஒரே சேவலை விட்டால், உறவுக்கலப்பு (நெருங்கிய உறவுக் கோழிகள் தமக்குள் இணைவதன் அளவு) ஒரு தலைமுறையில் ஏறத்தாழ 13 விழுக்காடு ஏறும். 4 சேவல்களானால் 4 விழுக்காட்டுக்கும் குறைவு. உறவுக்கலப்பு ஏறினால் பொரிப்புத்திறன் குறையும், குஞ்சு இறப்பு கூடும். எனவே கூட்டத்தை 4 குழுக்களாகப் பிரித்து, பெட்டைக்குஞ்சுகளைத் தாயின் குழுவிலேயே வைத்துக்கொண்டு, இளஞ்சேவல்களை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். சேவலை மாற்றியதும் அடைக்கு முட்டை சேர்க்கத் தொடங்கக் கூடாது: பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்தணு இரண்டு, மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். பழைய சேவலைப் பிரித்த பின் குறைந்தது நான்கு வாரம் கடந்து சேர்த்த முட்டைகளுக்கே புதிய சேவலைத் தந்தையாக எழுதலாம்.