ஆர்எஸ்-485 லைனில் 120 ஓம் எங்கே?

கப்பலூர் சிட்கோ பக்கம் யூனிட் வைத்திருப்பவர்களுக்கு: சென்சார் ரீடிங் விட்டு விட்டு வந்தால், சென்சாரைக் கழற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். பவரை அணைத்துவிட்டு ஆர்எஸ்-485 லைனின் (சென்சார்களைப் பேனலோடு இணைக்கும் டேட்டா வயர்) ஏ, பி இரண்டுக்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும், ஏனென்றால் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். 120 என்றால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 என்றால் நடுவிலுள்ள ஏதோ ஒரு சென்சாரிலும் டெர்மினேஷன் சுவிட்சை (உள்ளே இருக்கும் 120 ஓமை லைனில் சேர்க்கும் சுவிட்ச்) யாரோ ஆன் செய்திருக்கிறார்கள். 120 ஓம் லைனின் இரண்டு கடைசியில் மட்டும்தான்.

பேனலிலிருந்து சென்சாருக்கு ஒரு வயர் என்று தனித்தனியாக இழுக்காதீர்கள். மல்லிகைச் சரம் மாதிரி ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கோத்துக்கொண்டே போக வேண்டும். வயரைச் சுற்றியுள்ள உலோக உறையை, அதாவது ஷீல்டை, பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்தால் போதும்.

அப்புறம், ஏ, பி என்ற எழுத்தை ரொம்ப நம்ப வேண்டாம், சில கம்பெனிகள் தலைகீழாக அச்சடிக்கிறார்கள். பதிலே வராவிட்டால் இரண்டையும் மாற்றிப் பாருங்கள், எதுவும் எரிந்துபோகாது.