ஒரே லைட் ஏலை அஞ்சு தடவை காய்ச்சிப் பாருங்க

வீட்ல பீர் காய்ச்சறேன்னு ஃபோன்ல சொன்னப்ப எங்கம்மா கேட்ட மொத கேள்வி, "ஏன்டா, ஊறலா போடறே?" இல்லம்மா, இது வடிக்கறதெல்லாம் இல்ல, இட்லி மாவு புளிக்க வைக்கிற மாதிரிதான்னு சொன்னேன், இன்னும் நம்பல. அதனால சட்டத்தை மொதல்லயே சொல்லிடறேன். நான் இருக்கறது லண்டன். இங்க வீட்டுல பீர் காய்ச்ச லைசென்ஸ் வேணும்ங்கறதை 1963லயே எடுத்துட்டாங்க, நம்ம குடிக்கறதுக்கு, வீட்டுக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கறதுக்கு தாராளமா பண்ணலாம், ஆனா ஒரு பாட்டில் கூட விக்கக் கூடாது, வடிச்சு சாராயமாக்கவும் கூடாது. தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு, அங்கேருந்து பாக்கறவங்க படிக்கறதோட நிறுத்திக்கங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு, மொத தடவை ஒரு ரெசிபி, அடுத்த தடவை வேற ரெசிபி, மூணாவதுக்கு மாம்பழம் போடலாமான்னு யோசனை. நானும் அப்படித்தான் ஒரு வருஷம் ஓட்டினேன், பத்து விதமான பீர் வந்துச்சு, ஒண்ணு கூட ஏன் அப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அப்புறம்தான் ஒரே ஒரு லைட் ஏலைப் (வெளிர் நிறத்துல, ஆல்கஹால் கம்மியா இருக்கற ஒரு வகை பீர்) பிடிச்சுக்கிட்டேன். ஏன் லைட் ஏல்னா அதுல எதையும் ஒளிச்சு வைக்க முடியாது. ஸ்டவுட்னு ஒரு கருப்பு பீர், அதுல வறுத்த மால்ட் வாசம் பாதித் தப்பை மூடிடும், ஐபிஏங்கற கசப்பு பீர்ல ஹாப்ஸ் (கசப்பும் வாசமும் கொடுக்கற ஒரு கொடியோட பூ) மூடிடும். இது ரசம் மாதிரி, புளி கொஞ்சம் தூக்கினாலும் மொத வாயிலயே தெரிஞ்சிடும்.

என் அடிப்படை ரெசிபி இதுதான், 20 லிட்டருக்கு. மாரிஸ் ஆட்டர் பேல் மால்ட் 3.4 கிலோ, கோதுமை மால்ட் 200 கிராம் (நுரை நிக்கறதுக்கு), கோல்டிங்ஸ் ரக ஹாப்ஸ் (East Kent Goldings) 30 கிராம் ஒரு மணி நேரம் கொதிக்கறதுக்கு, இன்னொரு 20 கிராம் கடைசி 10 நிமிஷத்துக்கு, எஸ்-04 ட்ரை ஈஸ்ட் ஒரு பாக்கெட். மால்ட்னா பயப்பட வேணாம், முளைகட்டிக் காயவச்ச பார்லி, அவ்வளவுதான். நம்ம வீட்டுல கேழ்வரகை முளைகட்டிக் காயவச்சு அரைச்சுக் கஞ்சி போடறப்ப அது லேசா இனிக்கும் பாருங்க, இங்கயும் அதே என்சைம் வேலைதான், முளைக்கிறப்ப உருவான என்சைம் ஸ்டார்ச்சை உடைச்சு சர்க்கரையாக்கும். மால்ட்டை கடையிலயே உடைச்சுக் கேட்டு வாங்கிடுங்க, மிக்ஸில போட்டு மாவாக்கிடாதீங்க, உமி முழுசா இருந்தாத்தான் வடிகட்டும்.

மொத்தம் 28 லிட்டர் தண்ணி எடுத்துக்கங்க. அதுல 10 லிட்டரை 73 டிகிரிக்கு சூடாக்கி மால்ட்டைக் கொட்டிக் கட்டியில்லாமக் கிளறுனீங்கன்னா 66ல வந்து நிக்கும், மூடி போர்வை சுத்தி ஒரு மணி நேரம் விட்டுடுங்க, இதுக்குப் பேரு மாஷ். வடிச்சு, மிச்சத் தண்ணியை 75 டிகிரில மேல ஊத்தி மால்ட்டைக் கழுவி அதையும் சேர்த்துக்கிட்டா சுமார் 24 லிட்டர் கிடைக்கும், இதுக்குப் பேரு வொர்ட். ஒரு மணி நேரம் தளதளன்னு கொதிக்கணும், மொத 10 நிமிஷம் பக்கத்துலயே நில்லுங்க, பால் மாதிரி பொங்கி அடுப்பெல்லாம் ஆயிடும். ஹாப்ஸை நேரத்துக்குப் போட்டுட்டு, முடிஞ்சதும் செம்புக் குழாய்ச் சுருளை உள்ள விட்டு அதுக்குள்ள பைப் தண்ணி ஓடவிட்டு 20 டிகிரிக்குக் கொண்டு வந்து, ஃபெர்மென்டர்ல (புளிக்க வைக்கிற பக்கெட்) மாத்தறப்ப நல்லா நுரைக்க நுரைக்க ஊத்தி, மேல ஈஸ்ட்டைத் தூவுங்க. கொதிச்சதுக்கு அப்புறம் வொர்ட்டைத் தொடற எல்லாமே பீர் பாத்திரத்துக்குன்னு விக்கற சானிட்டைசர்ல முங்கினதா இருக்கணும், அதுக்கு முன்னாடி சாதாரணமாக் கழுவினாப் போதும். இன்னொண்ணு, அன்னைக்கு அதே மேடையில இட்லி மாவு வேலை வேணாம். மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா பீருக்குள்ள போனா பீரும் புளிச்சிடும்.

ஹைட்ரோமீட்டர் கண்டிப்பா வாங்குங்க, தண்ணியை விட வொர்ட் எவ்வளவு அடர்த்தின்னு காட்டற கருவி. ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி 1.040 கிட்ட இருக்கணும், ரெண்டு வாரம் கழிச்சு 1.009 கிட்ட வரும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131ஆல பெருக்குனா ஆல்கஹால் சதவீதம், இங்க 4ன்னு வருது. மூணு நாள் தொடர்ந்து அதே நம்பர் காட்டுச்சுன்னாத்தான் பாட்டில்ல அடைக்கணும், 20 லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையைத் தண்ணியில கொதிக்க வச்சு ஆறவச்சு சேர்த்து, பாட்டில்ல கேஸ் பிடிக்கறதுக்கு. அவசரப்பட்டா பாட்டில் வெடிக்கும், விளையாட்டுக்குச் சொல்லல. இந்தத் தடவை நுரைக்காம மெதுவா மாத்துங்க, இப்ப காத்துப் பட்டா கொஞ்ச நாள்ல ஈர அட்டை வாசம் வரும்.

செய்முறை அவ்வளவுதான். எனக்கு நிஜமான வேலையே இதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுது: அதே ரெசிபி, ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம்.

இந்த லைட் ஏலோட மொத பேட்ச்ல பெரிய முட்டாள்தனம் பண்ணேன். இங்க குளிர்ல இட்லி மாவு பொங்கவே பொங்காது, அதனால பாய்லர் இருக்கற அலமாரில வைக்கிறது எங்க வீட்டுப் பழக்கம், அதே புத்தியில ஃபெர்மென்டரையும் அங்க கொண்டு போய் வச்சேன். ராத்திரியே டபடபன்னு பொங்குச்சு, ஆஹான்னு இருந்துச்சு. குடிச்சுப் பாத்தா நெயில் பாலிஷ் வாசம், தொண்டையில எரிச்சல். அலமாரி 25 டிகிரி இருந்திருக்கு, அதுக்கும் மேல ஈஸ்ட் வேலை செய்யறப்ப அதுவே சூடு கிளப்பும், உள்ள இன்னும் ரெண்டு மூணு டிகிரி கூட இருந்திருக்கும். ரெண்டாவது பேட்ச்ல வேற எதையும் தொடல. ஃபெர்மென்டரை ஒரு பெரிய டப்புல தண்ணிக்குள்ள உக்கார வச்சு, ஐஸ் பாட்டில் காலையில ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு மாத்தி மாத்திப் போட்டு, மொத நாலு நாள் 18லயே பிடிச்சு வச்சேன், அப்புறம் 20க்கு விட்டுட்டேன். அதே மால்ட், அதே ஹாப்ஸ், ஆனா வேற பீர். காசு செலவு பண்ணப் போறீங்கன்னா பளபள பாத்திரத்துக்கு முன்னாடி இதுக்குப் பண்ணுங்க.

வாசம் போச்சு, ஆனா நாக்குப் பின்னாடி ஒரு சொரசொரப்பு நின்னுச்சு, ரொம்ப நேரம் ஊறின டீ மாதிரித் துவர்ப்பு. அது தண்ணி. லண்டன் கெட்டில்ல வெள்ளையாப் படியுதே, அந்த கார்பனேட்தான். கருத்த மால்ட்ல இருக்கற அமிலம் அதைச் சமாளிச்சிடும், இந்த ஊர் தண்ணிக்கு போர்ட்டர்ங்கற கருத்த பீர் நல்லா வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். வெளிர் மால்ட்ல அமிலம் பத்தாது, உமியில இருந்து துவர்ப்பு இறங்கிடும். மூணாவது பேட்சுக்கு முந்தின ராத்திரியே எல்லாத் தண்ணியையும் அரை மணி நேரம் கொதிக்க வச்சு, ஆறி வெள்ளை அடியில படிஞ்சதும் மேலாப்புல எடுத்துக்கிட்டேன். கூட அரை கேம்ப்டன் மாத்திரை, அது குளோரின் குளோராமின் ரெண்டையும் எடுத்துடும், இல்லன்னா பீர்ல ஆஸ்பத்திரி வாசம் வர சான்ஸ் இருக்கு. அப்புறம் ஜிப்சம் ஒரு டீஸ்பூன். இங்கிலாந்துல பர்ட்டன்ங்கற ஊரு பேல் ஏலுக்குப் பேர் வாங்கினதே அங்க நிலத்தடித் தண்ணியில இயற்கையாவே ஜிப்சம் இருந்ததாலதான், கசப்பு சுருக்குன்னு முடியும், இழுத்துக்கிட்டு நிக்காது. (அது மூணு மாத்தம் ஆச்சேன்னு கேப்பீங்க. தண்ணிங்கறதை ஒரே மாத்தமாக் கணக்கு வச்சுக்கிட்டேன், அந்தப் பொய் இன்னும் உறுத்துது.)

நாலாவதுல பேராசை. என் மச்சான் குடிச்சிட்டு "என்ன மாமா, தண்ணியா இருக்கு"ன்னான். சரின்னு மாஷை 66ல இருந்து 68க்கு ஏத்தினேன், அப்படிப் பண்ணா ஈஸ்ட்டால தின்ன முடியாத சர்க்கரை கொஞ்சம் மிஞ்சி வாயில கனம் நிக்கும். அதோட நின்னிருக்கணும், கடையில நாட்டிங்ஹாம்னு வேற ரக ஈஸ்ட் கண்ணுல பட்டுச்சு, அதையும் மாத்திட்டேன். பீர் அருமை. ஆனா கடைசி ஹைட்ரோமீட்டர் நம்பர் நான் எதிர்பார்த்த அளவுக்குக் கூடல, எது காரணம்னு நோட்டுல எழுதப் பேனாவ எடுத்தா எழுத ஒண்ணுமில்ல. நல்லா வந்தா இன்னும் மோசம், கெட்டுப்போச்சுன்னாலாவது திரும்பிப் போவோம். அஞ்சாவதுல மாஷ் 68லயே வச்சுட்டு பழைய எஸ்-04க்குத் திரும்பினேன், 1.012ல முடிஞ்சுது, ஆல்கஹால் 3.7, கனம் அப்படியே இருந்துச்சு. ஆக வேலை செஞ்சது மாஷ்.

ருசி பாக்கறதுல ஒரு விஷயம். ஓசியில பீர் கொடுத்தா எவனும் நல்லாயில்லன்னு சொல்ல மாட்டான், மச்சானைத் தவிர. அதனால மூணு கிளாஸ் முறை: ரெண்டுல பழைய பேட்ச், ஒண்ணுல புதுசு, எது வேறன்னு மட்டும் கேளுங்க, எது நல்லாருக்குன்னு கேக்காதீங்க. ஆறு பேர்ல ரெண்டு பேர் சரியாச் சொன்னா அது குருட்டாம்போக்கு, அஞ்சு பேர் சொன்னா நம்பலாம். இதுக்காகவே ஒவ்வொரு பேட்ச்லயும் ஆறு பாட்டில் ஒதுக்கி ஃப்ரிட்ஜ்ல வச்சிடறேன், ரொம்ப மாசம் வைக்காதீங்க, பழசானதோட வித்தியாசம்தான் தெரியும். நோட்டுல தேதி, தண்ணி, மாஷ் சூடு, ரெண்டு ஹைட்ரோமீட்டர் நம்பர், தினமும் ஃபெர்மென்டர் சூடு, ரெண்டு வாரத்துலயும் ஆறு வாரத்துலயும் குடிச்சப்ப என்ன தோணுச்சுன்னு ஒரு வரி, போதும்.

ஆறாவது பேட்ச் இப்ப ஓடிக்கிட்டிருக்கு. காய்ச்சினது ஒண்ணாத்தான், ஆனா பத்துப் பத்து லிட்டரா ரெண்டு பக்கெட்ல பிரிச்சு, ஒண்ணுல மட்டும் நாலு நாள் முன்னாடி 20 கிராம் கோல்டிங்ஸ் கொதிக்க வைக்காம அப்படியே போட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை பாட்டில்ல அடைக்கணும், மச்சானுக்கு எது எதுன்னு சொல்லல.