எமிலி போஸ்டைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அமெரிக்க இல்லற, நடத்தைக் கையேடுகளைப் பற்றிப் புதிதாக எழுத வந்த சிலரின் கட்டுரைகளை அண்மையில் திருத்திக் கொடுத்தேன். ஒருகாலத்தில் நான் செய்த பிழைகளே அவற்றில் அணிவகுத்து நின்றன. எழுத்துப்பிழைகளை இங்கே பேசப்போவதில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் அவற்றைப் பிடித்துவிடுவார்.

பதிப்பைப் பாராமல் மேற்கோள் காட்டுவது

அமெரிக்க எழுத்தாளர் எமிலி போஸ்டின் நன்னடத்தைக் கையேடான ‘எட்டிகெட்’ 1922இல் வெளிவந்தது. அதன்பின் அவர் அதைப் பலமுறை திருத்தியிருப்பதால், ‘போஸ்ட் சொல்கிறார்’ என்று மட்டும் எழுதினால் எந்த ஆண்டுப் போஸ்ட் என்ற கேள்வி நிற்கும். மணமாகாத பெண்ணுக்குக் காவலாக உடன் செல்லும் மாதைப் பற்றிய அத்தியாயத்தையே பாருங்கள்: முதலில் அதன் தலைப்பில் வெறும் ‘காவல்துணை’, 1927இல் ‘மறைந்துவரும் காவல்துணை’, பிறகு ‘மறைந்துவிட்ட காவல்துணை’.

இது தெரியாமல் நான் பட்டது போதும். சமைப்பது, பரிமாறுவது, விருந்தினரை உபசரிப்பது மூன்றையும் ஒருத்தியே செய்யும் ‘திருமதி மூன்று-ஒன்றில்’ 1927ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வருகிறாள். என் கையிலிருந்த பிரதியின் பதிப்புரிமைப் பக்கத்தில் ஆண்டுகள் வரிசையாக அச்சாகியிருக்க, முதலில் நின்ற 1922ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, வேலையாள் இல்லாத வீட்டைப் போஸ்ட் தொடக்கத்திலேயே கருதிவிட்டார் என்று ஒரு சிறு நூலில் வாதிட்டேன். நூல் அச்சான பிறகு நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அந்தப் பக்கங்களை மறுபடி அச்சிட்ட செலவு என் தலையில் விழுந்தது. இன்றைக்கு இணையத்தில் 1922ஆம் ஆண்டுப் பாடம் இலவசமாகவே கிடைக்கும்போதும், ஒப்பிட்டுப் பார்க்கச் சோம்பி அதே தவறைச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை. உரிமைப் பக்கத்தின் கடைசி ஆண்டைப் பாருங்கள்.

கற்பனை மாந்தரைத் தேடி அலைவது

போஸ்டின் நூலில் வரும் திருமதி டாப்லாஃப்டி, திருமதி வேர்ல்ட்லி, கில்டிங் குடும்பம் எல்லாம் பண்பைப் பெயராக்கிய கற்பனைகள்; நிஜ ஆட்களாகத் தேடாதீர்கள். ஆங்கிலத்தில் டாப்லாஃப்டி என்றாலே தலைக்கனம்தான்.

கிறிஸ்டீன் ஃப்ரெடரிக்குடன் குழப்புவது

அடுக்களையில் வீணாகும் நடையைக் கணக்கிட்டவர் ஃப்ரெடரிக். போஸ்ட் வேறு ஆள்.

நகைச்சுவையைத் தவறவிடுவது

போஸ்ட் முதலில் நாவலாசிரியர். முதல் நாவல் 1904இல் வந்தது. 1922ஆம் ஆண்டு நூலில், புதுமணப்பெண் தரும் முதல் விருந்து சீர்குலையும் பகுதியை விதியாகப் படிக்காமல் கதையாகப் படியுங்கள். கணப்படுப்பு புகைகிறது, தெளிவாக இருக்க வேண்டிய சூப் பாத்திரம் கழுவிய தண்ணீராக வருகிறது, மீனின் மேல் ஊற்றிய மஞ்சள் சாஸ் திரிந்துபோய்க் கிடக்கிறது. இத்தனைக்கும் அந்த வீட்டில் சமையற்காரி இருக்கிறாள்.