மல்லாந்து விழும்போது முதுகில் என்ன இருக்கலாம்?

பினாங்கில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஐந்து ஆண்டுகளாக அந்த ஓய்வில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசெகோவுக்குப் போய்ப் பனியில் சறுக்கும் ஸ்னோபோர்ட் ஓட்டுகிறேன், கூட வரும் தோழிகளைப் படமும் எடுக்கிறேன். இந்த முறை என்னிடம் வேலை பழகும் பெண்ணும் வருகிறாள். "அக்கா, நம் கல்யாணக் கேமரா பையையே எடுத்துக்கொள்ளலாமே, புதிதாக எதற்கு?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டியிருக்கும். தடுமாறினால் ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்க வழியில்லை. கால்விரல் பக்கத்து விளிம்பு பனியில் மாட்டினால் குப்புற விழுவோம். குதிகால் பக்கத்து விளிம்பு மாட்டினால் மல்லாந்து விழுவோம். மல்லாந்து விழும்போது பைக்குள் இருக்கும் கடினமான பொருள் எதுவானாலும் அது முதுகெலும்பில்தான் வந்து இடிக்கும். முதல் ஆண்டு நான் சிறிய கேமரா முக்காலியைப் பையின் நடுவில் நிறுத்தி வைத்திருந்தேன். ஒரே ஒரு விழுகை. அந்த இடத்தில் மூன்று வாரம் கைவைக்க முடியவில்லை. அன்றிலிருந்து எந்தப் பையைப் பார்த்தாலும் முதலில் கேமராவை நினைப்பதில்லை, முதுகைத்தான் நினைக்கிறேன்.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் லென்ஸையும் கையோடு கொண்டு போங்கள். பைக்குள் அடுக்கி, மாட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தரையில் மல்லாந்து படுங்கள். எங்காவது முனை குத்துகிறதா? குத்தினால் அந்தப் பை வேண்டாம். முதுகோடு ஒட்டும் பக்கத்தில் வளையாத தகடும் தடிப்பான பஞ்சும் இருக்க வேண்டும். லென்ஸின் முனை முதுகைப் பார்த்து நிற்கக் கூடாது, பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். முக்காலியை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

அளவு 20 முதல் 25 லிட்டர் போதும். ஒரு கேமரா, அதில் மாட்டிய ஒரு ஜூம் லென்ஸ், சின்ன லென்ஸ் இன்னொன்று, ஒரு மேல்சட்டை, தண்ணீர். கேமராவும் 70-200 மி.மீ. ஜூம் லென்ஸும் சேர்ந்தாலே இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். பை பெரிதானால் எடை முதுகைவிட்டு விலகி நிற்கும். நீங்கள் திரும்பிய பிறகு அது திரும்பும், உங்களையும் இழுக்கும். லிட்டர் கணக்கைவிட முதுகின் நீளம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டு தட்டுப்படும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டத்துக்கு நாடாவால் அளந்துகொள்ளுங்கள். எனக்கு 43 சென்டிமீட்டர். ஆண்களுக்கென்று தைத்த நீளமான பையில் இடுப்புப் பட்டை என் இடுப்பெலும்பில் உட்காராமல் கீழே இறங்கி நின்றது. அதனால் மொத்தச் சுமையும் தோளுக்கு வந்தது.

பை முதுகுப் பக்கமாகத் திறக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் கல்யாணப் பையைப் பனியில் வைத்தால் தோள் பட்டைகள் கீழே போகும், பட்டையிலும் பஞ்சிலும் பனி ஒட்டும், திரும்ப மாட்டியதும் உடல் சூட்டில் உருகி முதுகை நனைக்கும். முதுகுப் பக்கம் திறப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. தோள் பட்டைகளை மட்டும் கழற்றி, இடுப்புப் பட்டையோடு பையை முன்னால் சுழற்றினால், தாம்பாளம் ஏந்தியதுபோல் வயிற்றுக்கு முன்னே நிற்கும். பையைப் பனியில் வைக்காமலே லென்ஸை எடுக்கலாம்.

ஜிப்பைத் தடித்த கையுறையோடு இழுத்துப் பாருங்கள். -10 டிகிரியில் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் படம் எடுக்க முடியாது. என் பையின் ஜிப் நுனிகளில் சுண்டுவிரல் நீளத்துக்கு நைலான் கயிற்றை வளையமாகக் கட்டியிருக்கிறேன்.

பட்டைகளின் தொங்கும் முனைகளைச் சுருட்டி அடக்கும் வளையங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மலைக்கு ஏற்றிச் செல்லும் நாற்காலி லிப்டில் உட்காரும் முன் பையைக் கழற்றி மடிக்குக் கொண்டுவர வேண்டும். தொங்கும் பட்டை நாற்காலியில் மாட்டினால் இறங்கும் இடத்தில் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

சறுக்குமிடத்தின் எல்லையைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பையில் மண்வாரிக்கும் பனியைக் குத்திப் பார்க்கும் கம்பிக்கும் தனி அறை வேண்டும். பனிச்சரிவில் ஆளைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன் கருவி பையில் அல்ல, உடம்போடு இருக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் நான் எல்லை தாண்டியதில்லை.

பேட்டரிக்கென்று பையில் அறை தேட வேண்டாம். குளிரில் பேட்டரி சீக்கிரம் அடங்கிவிடும். சட்டையின் உள்பையில் உடல் சூட்டோடு வைத்திருங்கள். குளிர்சாதன மண்டபத்திலிருந்து மணமக்களோடு வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியுமே, நிசெகோவில் அது தலைகீழாக நடக்கும்: வெளியிலிருந்து அறைக்குள் வந்தால் படியும். அதற்காகத்தான் ஜிப் முழுதாக மூடும் பை வேண்டும் என்கிறேன். உள்ளே வரும் முன்பே கேமராவை பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, கேமரா பையின் ஜிப்பையும் மூடி, இரண்டு மணி நேரம் தொடாமல் வையுங்கள்.

வாங்கியதும் அப்படியே விமானம் ஏறாதீர்கள். லிட்டில் இந்தியாவில் இரண்டு கிலோ சீனியும் ஒரு கிலோ பருப்பும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தண்ணீர்மலைக்குப் போங்கள். முருகனைப் பார்க்க 513 படிகள். ஏறும்போது சுமை தோளிலா இடுப்பிலா என்று தெரிந்துவிடும். இறங்கும்போது வேகமாகக் கால் மாற்றுங்கள். பை தனியாக ஆடினால் பட்டையைச் சரிசெய்யுங்கள், அப்படியும் ஆடினால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். சீனியும் பருப்பும் வீட்டுக்கு ஆகும்.

பயணம் முடிந்து திரும்பியதும் பெட்டியைப் பிரிக்கும் முன்பே கேமரா பையைத் திறந்துவிடுங்கள். பனியில் நனைந்த பஞ்சு பினாங்கு ஈரக்காற்றில் தானாகக் காயாது. அதற்குள்ளேயே லென்ஸைவிட்டால் பூஞ்சை பிடிக்கும். லென்ஸ்கள் அன்றிரவே உலர்பெட்டிக்குப் போக வேண்டும். பையை எல்லா ஜிப்பும் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் தொங்கவிடுங்கள்.