வங்கிக் கடன் உள்ள வீட்டை வாடகைக்கு விடும் முறை

வேலை மாற்றலாகிச் சென்னைக்கோ பெங்களூருவுக்கோ செல்பவர்கள், சேலம் அழகாபுரத்திலோ அஸ்தம்பட்டியிலோ கடன் வாங்கிக் கட்டிய வீட்டைப் பூட்டிவைக்க மனமின்றி வாடகைக்கு விட நினைப்பது இயல்பு. ஆனால் பத்திரம் வங்கியில் அடமானமாக இருக்கும்வரை, ஆள் தேடுவதற்கு முன் கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். வங்கியின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதியின்றி வாடகைக்கு விடக்கூடாது என்ற பொருளில் ஒரு ஷரத்து பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி இருந்தால், கடன் கணக்கு எண், வீட்டு முகவரி, மாத வாடகை, குடியிருப்புக்கு மட்டுமே விடுகிறோம் என்ற உறுதி ஆகியவற்றை எழுதிக் கிளையில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். மேலாளர் வாய்மொழியாகத் தந்த சம்மதம் அவர் மாற்றலாகிப் போனபின் உதவாது.

ஒப்பந்தம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு பொருந்தும். வீட்டைத் தம் கைவசம் (சுவாதீனத்தில்) வைத்துள்ள உரிமையாளர் அதை வாடகைக்கு விடலாம் என்றும், அந்த வாடகை ஒப்பந்தம் வங்கிக்கும் செல்லுபடியாக வேண்டுமானால் நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகைக்கு, வாடகையை முன்கூட்டியே வாங்காமல், புதுப்பிக்கும் ஷரத்து வைக்காமல், 3 ஆண்டுகளுக்கு மிகாமல் விட்டிருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று பெரும் சிக்கலாகிறது. மாத வாடகையே இல்லாமல், சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு 'லீஸுக்கு' அல்லது போக்கியத்துக்கு விடுவதை, கடன் உள்ள வீட்டில் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். அந்தப் பணம் செலவாகிவிட்டால் தவணை கட்ட மாத வருமானமும் இராது, காலி செய்பவருக்குத் திருப்பித் தரக் கையிருப்பும் இராது. தவணை தவறி, 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்ற வந்தால், தம் சேமிப்பு முழுவதையும் உங்களிடம் கொடுத்த ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். மாத வாடகையும் அளவான அட்வான்ஸும் போதும்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் 3 மாத வாடகைக்கு மிகக்கூடாது. வீடு அடமானத்தில் இருப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். குடிவருபவருக்கு அதை அறியும் உரிமை உண்டு; வில்லங்கச் சான்று எடுத்தால் பெரும்பாலும் அதில் தெரிந்தும்விடும். தவணை 10-ஆம் தேதி பிடிக்கப்படுமானால், வாடகைத் தேதியை 5 என்று வையுங்கள். வீடு காலியாகக் கிடந்தாலும் தவணை நிற்காது. சில மாதத் தவணைக்கான தொகை தனியாகக் கையில் இருக்கட்டும்.

வாடகை வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். நீங்கள் செலுத்திய வீட்டு வரியைக் கழித்தபின் மீதியில் 30 சதவீதமும், கடன் வட்டியும் கழிவாகக் கிடைக்கும்.

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவது வேறு, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது வேறு. பின்னது வணிகப் பயன்பாடாகவே கருதப்படக்கூடும் என்பதால், வங்கியின் அனுமதிக் கடிதத்தில் அது தனியாகக் குறிப்பிடப்படாதவரை அதில் இறங்க வேண்டாம்.