ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் புக் வாங்கப் போறீங்களா? நான் பண்ண தப்பைப் பண்ணிடாதீங்க

எங்க தெருவுல காலேஜ் பசங்க நாலு பேரு மொட்டைமாடில உக்காந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட ஆரம்பிச்சிருக்காங்க, ஆளுக்கு ஒரு கேரக்டரா மாறி, டைஸ் உருட்டி, சேந்து கதை சொல்ற ஆட்டம். தர்மபுரில இதை ஆட இன்னொரு செட்டு கிடைக்கும்னு நான் நினைச்சதே இல்ல, சந்தோஷமா போய்ப் பாத்தேன். கதையை நடத்தற டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) பையன் போனை நீட்டுனான். "அண்ணா, இந்த ஒம்போது சோர்ஸ்புக்கும் வாங்கிப் படிச்சுட்டுத்தான் கேம்பெயின் ஆரம்பிக்கணும்"னான். கேம்பெயின்னா பல நாள் ஓடற தொடர்கதை. எல்லாமே ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கற கற்பனை ஒலகத்தைப் பத்தின புக்கு, அதுல பாதி ஆட்டத்தோட ஒரு எடிஷனுக்கு, மீதி இன்னொரு எடிஷனுக்கு. நான் அந்தக் காலத்துல நோட்டுல எழுதி வெச்சிருந்த லிஸ்ட் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. அதனாலதான் இதை எழுதறேன். டைஸ் கணக்குல தடுமாறுறது, ரூல் மறந்துபோறது எல்லாம் நாலு செஷன்ல தானா சரியாயிடும், அதுக்குள்ள நான் போகல. செட்டிங் புக்கை, அதாவது கதை நடக்கற ஒலகத்தைப் பத்தின புக்கை, வெச்சுப் பண்ற தப்பு மட்டும்.

எல்லாத்தையும் படிச்சுட்டு ஆரம்பிக்கறது

வேணாம். ஒரு ஊரு, ஒரு சத்திரம், ஒரு பிரச்சனை, போதும்.

புக்கு எந்த வருஷத்துல நடக்குதுன்னு பாக்காம வாங்கறது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத தப்பு, கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் எட் கிரீன்வுட் சின்னப் பையனா இருந்தப்பவே கற்பனை பண்ண ஒலகம். 1987ல, அப்ப இந்த ஆட்டத்தை வெளியிட்டுட்டு இருந்த டிஎஸ்ஆர் கம்பெனி அதை முதல்முதலா புக்கும் மேப்பும் வெச்ச பெட்டியா வெளியிட்டாங்க. அதுலருந்து எடிஷன் மாற மாற அந்த ஒலகத்துக்குள்ளயும் வருஷம் ஓடிட்டே இருக்கு. 2001ல வந்த மூணாம் எடிஷன் புக்குல அங்க நடக்கற வருஷம் 1372. 320 பக்கம், கூடவே மடிச்சு வெச்ச பெரிய மேப். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு ஊரு, அந்த ஊருக்குள்ள ஒரு பகை, யாரோ ஒளிச்சு வெச்ச ஒரு ரகசியம். அந்த மாதிரி ஒரு புக்கை நான் அதுக்கப்பறம் பாக்கவே இல்ல. அதை வெச்சு எங்க செட்டு ரெண்டு வருஷம் ஆடுனோம், நான் ஓசூர்ல வேலை, சனிக்கிழமை ராத்திரி பஸ் புடிச்சு வந்துடுவேன். என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஹால்ருவா நாட்டு மந்திரவாதியா ஆடுனான். மூணு பக்கம் மலை, உள்ள முழுக்க மந்திரவாதிங்க, வானத்துல பறக்கற கப்பல், அவனுக்கு அந்த நாடுன்னா அவ்ளோ பிரியம், அவன் வீட்டுத் தெரு, அம்மா நடத்துற கடை வரைக்கும் நோட்டுல வரைஞ்சு வெச்சிருந்தான், எங்க மேப்புல ஹால்ருவாவைச் சுத்தி பென்சில்ல ஒரு வட்டம் போட்டதும் அவன்தான்.

2008ல நாலாம் எடிஷன் புக்கு வந்துச்சு. பெங்களூருல இருந்த சொந்தக்காரர் மூலமா சொல்லி வெச்சு, சம்பளத்துல கால்வாசி குடுத்து வாங்குனேன். பிரிச்சுப் பாத்தா வருஷம் 1479. நூறு வருஷத்துக்கு மேல ஒரே தாவு. நடுவுல 1385ல மந்திரத்துக்கான தெய்வம் மிஸ்ட்ரா கொலையாகி, ஸ்பெல்ப்ளேக்னு ஒன்னு வந்து ஊரு ஊரா நாசமாயிடுச்சு. அதுல ஹால்ருவாவும் வெடிச்சு அழிஞ்சுபோச்சு.

அங்கதான் நான் தப்பு பண்ணேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் புக்கைக் கையில வெச்சுக்கிட்டு, "மச்சி, இப்ப இதுதான் கணக்கு, உன் நாடு இல்ல"ன்னு சொல்லிட்டேன். அவன் நோட்டைப் பாத்தான், என்னைப் பாத்தான், "நம்ம கதைல எப்படா வெடிச்சுச்சு?"ன்னு மட்டும் கேட்டான். என்கிட்ட பதில் இல்ல. புதுசா ஒரு கேரக்டர் போட்டு ரெண்டு செஷன் வந்தான், அதுக்கப்பறம் வரல. செட்டு மூணு மாசத்துல கலைஞ்சுபோச்சு.

2015ல அஞ்சாம் எடிஷனுக்கு அந்த ஒலகத்துல வாள் கரைங்கற (சோர்ட் கோஸ்ட்) பகுதி பத்தின புக்கு வந்தப்ப அதுல ஹால்ருவா அழியலையாம், வேற ஒலகத்துக்குப் போய்ப் பத்திரமா திரும்பி வந்துடுச்சாம், கொஞ்ச வரியில முடிச்சிருந்தாங்க. அதைப் படிச்சுட்டு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கல. புக்கு எழுதறவங்க அவங்க எழுதுனதை அவங்களே மாத்திக்கறாங்க, அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு என் ஃப்ரெண்டோட ரெண்டு வருஷ ஆசையை ஒரே வாக்கியத்துல நான் அழிச்சேன்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் புக்கு எந்த வருஷத்துல நிக்குதுன்னு பாருங்க. உங்க மேஜைல நடக்கற கதை 1372ல இருந்தா அது அங்கயே இருக்கட்டும், உங்க ஆளுங்க ஒரு நாட்டை அழிய விடாம காப்பாத்துனா அது காப்பாத்துனதுதான். புதுப் புக்குல புடிச்சது இருந்தா அதை மட்டும் எடுத்துக்கோங்க. நாலாம் எடிஷன் புக்குலயும் நல்ல விஷயம் இருக்கு, பாழான ஊரு, திரிஞ்சுபோன நிலம்னு தனியா ஒரு கேம்பெயினுக்கு அருமையா வரும். பழைய கதைக்கு மேல கொண்டுபோய்ப் போடாதீங்க, அவ்ளோதான்.

வாள் கரை புக்குல மொத்த ஒலகமும் இருக்கும்னு நம்பறது

பேர்லயே சொல்லிட்டாங்க, அது மேற்குக் கரை பக்கம். வாட்டர்டீப், நெவர்விண்டர், பால்டர்ஸ் கேட் இதெல்லாம் கிடைக்கும், சாமிங்க பட்டியல் நல்லா இருக்கும், கேரக்டருக்குப் பின்னணி எடுக்கவும் உதவும். மத்த நாடெல்லாம் சும்மா தொட்டுட்டுப் போயிடுவாங்க. தடிமனும் 2001 புக்குல பாதிதான். தெக்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ கதை கொண்டுபோகணும்னா இது பத்தாது, வேற புக்கைத் தேடணும்.

எல்மின்ஸ்டரைக் கதைக்குள்ள கூட்டிட்டு வர்றது

கூடாது. அவ்ளோ பெரிய மந்திரவாதி பக்கத்துல நின்னா உங்க ஆளுங்களுக்கு என்ன வேலை?

புக்குல இருக்கறதை அப்படியே வாசிச்சுக் காட்டறது

பத்து நிமிஷம் ராஜவம்சம் வாசிச்சீங்கன்னா எல்லாரும் போனை எடுத்துடுவாங்க. அந்தப் பசங்களும் இதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க. நான் டிஎம் பையன்கிட்ட, "நம்ம ஊரு மியூசியத்துல நடுகல்லு பாத்திருக்கியாடா?"ன்னு கேட்டேன். பாத்திருக்கான். மாட்டை ஓட்டிட்டுப் போனவங்களோட சண்டை போட்டு மீட்டுட்டுச் செத்தவனுக்கு வெச்ச கல்லு, வில்லும் கையுமா நிப்பான். அதைத் தூக்கி அவங்க புக்குல வர்ற ஃபேண்டலின் கிராமத்து எல்லையில நடுன்னேன். ராத்திரி மாடு காணாம போகுது, காலைல பாத்தா கல்லுல இருந்த வீரனோட உருவத்தைக் காணோம், வெறும் பலகைக்கல்லு மட்டும் நிக்குது. புக்குல இருக்கற ஊரு, பக்கத்து மலை, கோப்ளின் கூட்டம் எதையும் மாத்த வேண்டியதில்ல. அன்னைக்கு மூணு மணி நேரம் ஒருத்தன்கூட போனைத் தொடல, கீழருந்து அவங்க அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் எந்திரிக்கல.

திருட்டு பிடிஎஃப்

தேவையில்ல. பழைய எடிஷன் புக்குங்க டிஎம்ஸ் கில்டுங்கற வெப்சைட்டுல பிடிஎஃப்பா காசு குடுத்தே வாங்கலாம், 1987 பெட்டி உட்பட. ஆடறதுக்கு வேண்டிய அடிப்படை ரூல்ஸ் ஃப்ரீயாவே கிடைக்குது. அந்த ஒம்போது புக்கு லிஸ்ட்ல நான் எட்டை அடிச்சுட்டேன், மீதி ஒன்னையும் மூணு மாசம் ஆடிட்டு அப்பறம் வாங்குங்கடான்னு சொல்லியிருக்கேன். மேப் மட்டும் என்னோடதைக் குடுத்திருக்கேன், மடிப்புல கிழிஞ்சு செல்லோடேப் ஒட்டுனது, அந்தப் பென்சில் வட்டத்தை மட்டும் யாரும் அழிக்காதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்.