மல்லாட்டை போடுங்கள், பிள்ளை பேசும்

நாலைந்து வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு பழைய பக்கெட்டை எடுத்து அடியில் நாலு ஓட்டை போடுங்கள். ரோஜா, மணிபிளான்ட் எல்லாம் வேண்டாம், நம்ம வட ஆற்காட்டு மல்லாட்டையே போதும். பாடப்புத்தகத்தில் அது வேர்க்கடலை. இரண்டு பெயரும் பிள்ளைக்குத் தெரியட்டும். அக்னி வெயிலில் ஆரம்பிக்காதீர்கள், வேலூர் மொட்டைமாடி தாங்காது, ஆடியில் நாலு மழை விழட்டும். மணல் கலந்த பொலபொல மண், கொஞ்சம் மக்கிய எரு, இரண்டு விரல்கடை ஆழம். பருப்பு பச்சையாக இருக்கணும். முதல் தடவை நான் டப்பாவில் இருந்த வறுத்த கடலையைக் கொடுத்துவிட்டேன், பத்து நாள் கழித்து மகள் "அது இன்னும் தூங்குதும்மா" என்றாள். 'முளைக்கவில்லை' என்ற சொல்லை அன்றைக்குத்தான் சொன்னேன், அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அதனால் சொல்லை முன்கூட்டியே ஊட்டாதீர்கள். "இது என்ன கலர்?" என்று கேட்டால் அது பரீட்சை, பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "நேத்துக்கும் இன்னைக்கும் என்ன மாறியிருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் நமக்குக் கஷ்டம்!

ஒரு வாரத்துக்குள் முளை வரும். இலை விட்டதும் ராத்திரி டார்ச்சோடு கூட்டிப்போங்கள், நாலு நாலாக இருக்கும் சிற்றிலைகள் மடங்கியிருக்கும். கை கூப்புது, சாமி கும்பிடுது, என்ன சொன்னாலும் சரி. ஒரு மாதம் போனால் மஞ்சள் பூ. காலையில் விரியும், மதியத்துக்குள் தலை தொங்கிவிடும். வாடுவது வேறு, காய்வது வேறு, உதிர்வது வேறு என்று அந்தப் பூவை வைத்தே காட்டலாம். அப்புறம்தான் வேடிக்கை, பூ இருந்த இடத்திலிருந்து விழுது ஒன்று கீழே இறங்கி மண்ணுக்குள் போகும். "பூ மேலே, காய் எங்கே?" என்று கேளுங்கள், கதை கதையாக வரும். விழுது இறங்க ஆரம்பிக்கும்போதே செடியைச் சுற்றி மண் அணைக்கணும். விளக்கையும் அணைக்கிறோம், பிள்ளையையும் அணைக்கிறோம், இந்த ஒரு சொல்லிலேயே ஒரு சாயங்காலம் ஓடிவிடும்.

ஒரு நோட்டில் தேதி போட்டு, பிள்ளை சொல்வதை இரண்டு வரி அப்படியே எழுதுங்கள். "மஞ்சா பூ" என்றால் "மஞ்சா பூ"தான், திருத்தாதீர்கள். வாரம் ஒருமுறை படித்துக் காட்டினால் போதும்.

மூன்றரை மாதத்தில் பிடுங்கலாம். பக்கெட்டில் ஒரு கைப்பிடி தேறினாலே பெரிசு. அதை அவித்துத் தின்றுகொண்டே பாட்டிக்குப் போன் போட்டு, வறுத்த கடலை சமாச்சாரம் வரைக்கும் பிள்ளையே சொல்லட்டும்.